எங்கப்பா புகார் கொடுப்பார்

“பார்சல் போய்ச் சேரலைம்மா.”

குரலைக் கேட்டதுமே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கூரியர் அலுவலகத்தின் புகார் கவுண்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். காலையிலிருந்து உடைந்த மிக்ஸி ஜாடி, நசுங்கிப்போன பொம்மை, செருப்புக்குப் பதிலாக வந்த சோப்பு என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இப்போது இவர் வேறு.

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து நேரே எழுந்து வந்திருந்தார் தையல்காரர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஐந்து மாதத்தில் இது நான்காவது புகார்.

“மறுபடியுமா ஐயா? டெலிவரி ஆயிடுச்சுன்னு கம்ப்யூட்டர்ல காட்டுதே.”

“காட்டுதும்மா. ஆனா சேரலை.”

“வாங்க வேண்டியவங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.” டேப்பின் நுனியை விரலில் சுருட்டினார். “வரலைங்கறாங்க.”

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“போன தடவையே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பார்சல் பதியும்போதே, ஓடிபி சொன்னாத்தான் பொருளைக் குடுக்கணும்னு போட்டுடுங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி வாங்குறவங்க வீடியோ எடுக்கணும், பெட்டியோட ஆறு பக்கமும் தெரியணும். நசுங்கியிருந்தா கையெழுத்தே போடக் கூடாது. சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“இதுல ஒண்ணாவது செஞ்சீங்களா?”

“இல்லைம்மா.”

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பொருளையும் வைத்துக்கொண்டு, வரவே இல்லை என்று சாதிக்கிற எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். இவரை அந்தக் கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை. ஆனால் மேலிடத்துக்கு மனசு ஏது? ஒரே தெருவைப் பற்றி இத்தனை புகாரா என்று விசாரணை வைத்துவிட்டார்கள்.

“உங்க புகாரால ஒருத்தர் வேலைக்கே உலை வைக்கிறீங்க ஐயா. அந்தத் தெருவுக்குப் போறவரு பதினோரு வருஷமா ஒரு உறையைக்கூடத் தொலைச்சதில்லை.”

தையல்காரரின் முகம் சுருங்கியது. “அவரு மேல நான் ஒண்ணும் சொல்லலையேம்மா!”

“நீங்க சொல்லவே வேண்டாம். பார்சல் சேரலைன்னா வேற யார் கழுத்தைப் பிடிப்பாங்க?” உள்பக்கம் திரும்பினாள். “மின்னல்! இப்படிக் கொஞ்சம் வாங்க.”

பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஆடி அசைந்து வந்தார் டெலிவரிக்காரர். அந்த நடையைப் பார்த்து யாரோ குறும்புக்காரர் வைத்த பெயர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உதடு துடித்தது.

“நாலு தடவையும் என் கையால குடுத்தேன் மேடம். போட்டோவும் ஏத்தியிருக்கேன். திறந்து காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்லட்டும்.”

பார்சல் கொடுக்கும்போது எடுக்கிற படம் அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். புகார் வந்தால் மட்டுமே திறப்பார்கள். அவள் திரையைத் தையல்காரர் பக்கம் திருப்பினாள். நீலக் கதவு. வாசலில் ஒரு பெண், கையில் பெட்டி.

“போன மூணு தடவையும் படத்தைப் பார்த்துட்டு, ‘தேடிப் பார்க்கச் சொல்றேன்’னு போயிட்டீங்க. இன்னிக்கு நல்லாப் பாருங்க. அது நீங்க அனுப்பின பெட்டிதானே?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“ஐயா, பெட்டியைப் பாருங்கன்னேன்.”

“தோள் இறங்கியிருக்கு,” என்றார் தனக்குள் பேசுவதுபோல. “போன படத்துக்கு ரெண்டு அங்குலமாவது இளைச்சிருப்பா. நேரத்துக்குச் சாப்பிடறதில்லை போல.”

கவுண்டர்காரியும் மின்னலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரு ஐயா இவங்க?”

“என் பொண்ணு.” கண்ணாடியைக் கழற்றினார். “ஆறு வருஷம் ஆச்சு. அவளே ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கிட்டா. ‘இனிமே என் மூஞ்சியில முழிக்காதே’ன்னுட்டேன். அந்தப் பேச்சை மட்டும் அவ தட்டவே இல்லை.”

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

“மொத பார்சல் சேர்ந்துச்சான்னு தெரியாமத்தான் இங்கே வந்தேன். நீங்க இந்தத் திரையைத் திருப்பினீங்க. ஆறு வருஷம் கழிச்சு அவ முகம்! அப்புறம்...”

“அப்புறம் இதைப் பார்க்கிறதுக்காகவே பார்சல் அனுப்பினீங்களா?”

தலையை ஆட்டினார். “எல்லாமே ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சும்மா. அப்படியே எழுதிக்குங்க. என் பாழாப்போன ஆசைக்கு அவரு பலியாகக் கூடாது. நான் இனிமே வரமாட்டேன்.”

புகாரைத் திரும்பப் பெறும் தாளை அவள் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

“இதுக்கு நேரா அந்த வீட்டுக்கே போயிருக்கலாமே ஐயா?”

“எந்த முகத்தை வச்சுக்கிட்டும்மா போறது? பெட்டி யார்கிட்டேருந்து வருதுன்னு அதுல எழுதியிருக்கு. வேணும்னா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாளா? அவ என்னைத் தலைமுழுகிட்டா.”

படியிறங்கப் போனவரின் தோளைப் பிடித்து நிறுத்தினார் மின்னல். உதட்டுத் துடிப்பு அடங்கியிருந்தது.

“கொஞ்சம் நில்லுங்க. மத்த வீட்டுல எல்லாம் கதவிடுக்குல கையை மட்டும் நீட்டி வாங்கிப்பாங்க. உங்க பொண்ணு மொத தடவையே, ‘இந்தப் படத்தை யாருண்ணே பார்ப்பாங்க?’ன்னு கேட்டுது. ‘அனுப்பினவங்க புகார் குடுத்தா அவங்களுக்குக் காட்டுவாங்க’ன்னேன். அதுலேருந்து ஒவ்வொரு தடவையும் என்னை வாசல்ல நிறுத்தி வச்சுட்டு, முகம் கழுவித் தலை வாரிக்கிட்டு வந்துதான் நிக்குது.”

“எதுக்கு?” என்றார் தையல்காரர்.

“நானும் கேட்டேன், அப்போ எனக்குப் புரியலை. ‘முகம் தெளிவா விழட்டும்ணே, எங்கப்பா கட்டாயம் புகார் குடுப்பாரு’ன்னுச்சு.”