கொடியில் கட்டிய கூடு

இப்போது வரும் கேமராக்கள் பறவைப் படத்தில் மனிதச் சுவடு எதையும் விட்டுவைப்பதில்லை. கொல்லையில் துணி காயப்போடும் கொடியில் தேன்சிட்டு கட்டிய கூட்டை மரியபுஷ்பம் ஆசையாகப் படமெடுத்தாள். கேமரா சுவரை அழித்தது, வாளியை அழித்தது, கொடியையும் அழித்துவிட்டுச் சுற்றிலும் காட்டை வரைந்து வைத்தது.

"கூடு அந்தரத்துல தொங்குதே புஷ்பம்! நம்ம வீட்டுக் கூடுன்னு எவன் நம்புவான்?" என்று சிரித்தான் கணவன் சவரிராயன்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கூட்டின் வாசலில் நாரோடு நாராகச் செக்கச்செவேலென்று ஒரு நூல் தெரிந்தது.

"நல்லாப் பாருங்க, என் கல்யாணச் சேல முந்தி நூலு. குருவி உருவிக் கட்டுனதால, கேமரா அதையும் கூடுன்னு நெனச்சு விட்டுருச்சு."

சவரிராயன் குனிந்து அந்த நூலை உற்றுப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய காட்டுல அழியாம நிக்கிற மனுசி நான் ஒருத்திதான்!" என்றாள் மரியபுஷ்பம்.