வண்ணம் பூசாத ஐந்து பேர்

பிரையனியின் அம்மாவுடைய விண்வெளி வீரர்கள் ஐவரும் இருபத்தோரு நாளாக வண்ணம் பூசப்படாமல் சாப்பாட்டு மேசையில் நிற்கிறார்கள். எல்லாம் மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான கட்டைவிரல் உயரப் பொம்மைகள். பூசாத பொம்மை போரில் இறங்கக் கூடாது, ஒருவர் படையை இன்னொருவர் தொடக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். நாட்டிங்ஹாமின் நவம்பர் மழை சன்னலில் வழிகிறது; நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று. பிரையனி தன் படையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். எதிரே அப்பா மூச்சை அடக்கி ஒரு தலைக்கவசத்தில் சிவப்புக் கோடு இழுக்கிறார். இழுத்த கையோடு தூரிகையைத் தேநீர்க் கோப்பையில் கழுவுகிறார். வழக்கமாக இதற்கு அம்மா ஒரு சத்தம் போடுவாள். இருவரும் ஒரு கணம் அதற்காகக் காத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் மட்டும் முனகுகிறது.

“அதையும் குடிச்சிடுங்கப்பா. குடலெல்லாம் செவப்பா பளபளன்னு இருக்கும்.”

“வாயப் பாரு, அப்படியே உங்கம்மா!” அப்பா சிரிக்கிறார். “அவ வந்து இந்த அஞ்சையும் பூசட்டும், ஆரம்பிச்சிடலாம். உங்க பெரியம்மா வீட்ல எத்தன நாள்தான் இருப்பா?”

பிரையனி கையை நீட்டி அம்மாவின் வீரன் ஒருவனை எடுக்கிறாள்.

“ஏய், வைடி! அது அவளோடது.”

“இந்த அஞ்சையும் என்னையே பூசிக்கச் சொல்லிட்டாங்கப்பா.” அவள் பொம்மையையே பார்க்கிறாள். “அம்மா அங்க தனியா வீடு எடுத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.”