ஒஸ்மோ எழுந்து போன காரணம்

"இந்த விண்ணப்பத்துக்கு நான் ஓட்டுப் போடல. வெளியே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஒஸ்மோ எழுந்து போனார்.

நகராட்சியின் பண்பாட்டுக் குழுக் கூட்டம். உறுப்பினர்கள் ஐந்து பேர். நடவடிக்கைக் குறிப்பு எழுத நான்.

அன்றைய விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரையிலுள்ள கோடை நாடக அரங்குக்குக் கலை மானியம், பதினெட்டாயிரம் யூரோ. பார்வையாளர் உட்காரும் பலகைகள் நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று உளுத்துவிட்டன. சரிசெய்யாமல் ஒருவரைக்கூட உட்கார வைக்கக் கூடாது என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பின்லாந்தில் கோடை என்பதே பத்து வாரம். இந்தக் கோடை போனால் நடிகர்கள் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு அரங்கு திறக்காது.

அரங்கை நடத்தும் டெல்லெர்வோ தன் தரப்பைச் சொல்லிவிட்டு நடைக்கூடத்தில் காத்திருந்தார்.

வேண்டியவர்களின் விண்ணப்பம் வந்தால் உறுப்பினர் வெளியே போய்விடுவது எங்கள் வழக்கம். ஆகவே கதவு சாத்தியதும் வெய்க்கோ சிரித்தார். பால் பண்ணைக்காரர்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ரெண்டு பேரும் தனி ஆளு. நமக்குத்தான் தெரியாமப் போச்சு."

"இதையும் ஐலி குறிப்புல எழுதணுமா, வெய்க்கோ?" என்றார் தலைவி மார்கெட்டா.

"வேணாம், வேணாம். ஆனா என் ஓட்டு எதிர்ப்புதான். கூத்துக்கெல்லாம் எதுக்கு மானியம்?"

"உங்க மாட்டுக்கு வருஷா வருஷம் வருதே, அது?"

"மாடு பால் குடுக்குது."

மார்கெட்டா பெருமூச்சு விட்டார். அவரும் நூலகரும் ஆதரவு. வெய்க்கோவும் இரும்புக் கடைக்காரரும் எதிர்ப்பு. ஒஸ்மோ ஓய்வுபெற்ற இசை ஆசிரியர். மூன்றாவது கை அவருடையது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

காபி எடுத்துவர நடைக்கூடத்துக்குப் போனேன். நீண்ட பெஞ்சின் ஒரு முனையில் ஒஸ்மோ. மறுமுனையில் டெல்லெர்வோ.

"ஏன் வெளியே வந்தீங்க?" என்று டெல்லெர்வோ அவரைக் கேட்டார்.

"விதி."

"என்ன பெரிய விதி? சங்கீத வாத்தியார் நீங்க. உங்க கையத்தான் நம்பியிருந்தேன். வெய்க்கோ கேலி பண்ணுவான்னு பயந்துட்டீங்களா?"

ஒஸ்மோ தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கை தூக்குறதுக்கு இவ்வளவு கோழைத்தனமா? நாளைக்கு அரங்கைப் பூட்டும்போது வந்து பாருங்க."

எனக்கே அவர்மீது கோபம் வந்தது. காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஓட்டெடுப்பு முடிந்தது. இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தலைவி இருக்கும் பக்கமே ஜெயிக்கும்.

மானியம் கிடைத்துவிட்டது.

வெய்க்கோ தோளைக் குலுக்கினார். "போகட்டும். என் பொண்டாட்டிக்குச் சந்தோஷம். டிக்கெட் வாங்கச் சொல்லுவா."

நான் வெளியே போய்ச் சொன்னதும் டெல்லெர்வோ பெஞ்சைவிட்டு எழுந்தார். பிறகு நேரே ஒஸ்மோவிடம் போய் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"இப்பத்தான் புரியுது. நீங்க உள்ள இருந்து கை தூக்கியிருந்தா, வேண்டியவங்களுக்குக் குடுத்துட்டாங்கன்னு ஊரே பேசியிருக்கும். அதுக்காகத்தானே? நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

ஒஸ்மோ மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டார். "தச்சருக்குப் போன் பண்ணுங்க. ஜூனுக்கு ஆறு வாரந்தான் இருக்கு."

டெல்லெர்வோ போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எனக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

"ஒஸ்மோ, நீங்க வெளியே போன காரணத்தைக் குறிப்புல எழுதணும். 'நெருங்கிய நட்பு'ன்னு போடட்டுமா?"

"பொய்யெல்லாம் எழுதாதீங்க, ஐலி."

"அப்போ, சொந்தமா?"

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். ஆள் போய்விட்டதை உறுதிசெய்துகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால அந்த அம்மா நாடகத்துல எனக்கு ஒரு சின்ன வேஷம். ஒத்திகையில எல்லார் முன்னாடியும், 'ஒஸ்மோவை விட அந்த வேலிக்கம்பம் நல்லா நடிக்கும்'னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களுக்கு இப்போ ஞாபகம்கூட இருக்காது."

"உங்களுக்கு இருக்கு."

"இருக்கு. விண்ணப்பத்தை மூணு தடவை படிச்சேன். ஒரு குறையும் இல்ல. ஊருக்கு அந்த அரங்கு வேணும்னு எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னைக்கு 'எதிர்ப்பு'ன்னு கை தூக்கத்தான் வீட்டுலேருந்து கிளம்பி வந்தேன்."

"அப்போ காரணம்னு என்ன போட?" என்றேன்.

"'அவரை எனக்குப் பிடிக்காது'ன்னே எழுதுங்க, ஐலி. பிடிச்சவங்க மட்டும் வெளியே போனாப் போதுமா?"