டோனட் பெட்டி மூடி

நோரீனை உடனே வேலையை விட்டுத் தூக்கவேண்டும் என்று முதலில் சொன்னவன் டக். அதெல்லாம் போதாது, போலீஸைக் கூப்பிடுங்கள் என்றாள் லோர்னா.

நோரீன் செய்த காரியம் அப்படி. மீட்டிங் அறையின் பெரிய டிவியில் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரின் பெயரையும் வரிசையாக ஏற்றியிருந்தாள். பக்கத்தில் 'சோஷியல் செக்யூரிட்டி நம்பர்' என்று தலைப்பு. தலைப்புக்குக் கீழே இருந்த இடத்தை மட்டும், டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்து, டேப் போட்டு ஒட்டி மறைத்திருந்தாள்.

அமெரிக்காவில் ஆளுக்கு ஒன்றாக அரசாங்கம் கொடுக்கும் அந்த ஒன்பது இலக்கம் வெளியே போனால் அவ்வளவுதான். எவனோ நம் பெயரில் கடன் வாங்கிவிட்டுப் போய்விடுவான். அது நான் இல்லை என்று காலம் பூரா நாம் சத்தியம் செய்துகொண்டு அலையவேண்டும்.

"எங்க நம்பரெல்லாம் உன் கைக்கு எப்படி வந்தது?" என்றாள் லோர்னா.

"சம்பள டேட்டாபேஸையும் நான்தானே பாத்துக்கறேன்."

லோர்னா கையிலிருந்த டோனட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

டுலூத் நகரத்தில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, கவுன்ட்டி எனப்படும் மாவட்ட அரசு அலுவலகத்துக்காக ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டருக்குக் கட்டப் பணமில்லாதவர்கள் அரசு உதவி கேட்டு விண்ணப்பிப்பதற்கானது. திங்கட்கிழமை திறப்பு. விண்ணப்பிப்பவர்களின் நம்பர்களை, திறந்தவர் எல்லாரும் படிக்கும்படி அப்படியே ஒரு பட்டியலில் எழுதிவைப்பதாக ஏற்பாடு. ஆபீஸ் ஆட்களின் பெயர்களை நோரீன் ஏற்றியிருந்ததும் அந்தப் பட்டியலில்தான்.

அவற்றைக் குறியீடாக மாற்றிப் பூட்டிவைக்கவேண்டும், அதற்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று நோரீன் இலை உதிர ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் திறப்போம், அப்புறம் பார்ப்போம் என்பதுதான் எப்போதும் பதில். ஒருமுறை டக் சிரித்தே விட்டான்.

"ஹீட்டர் போடக் காசில்லாதவங்க பேர்ல எவன் கடன் குடுக்கப்போறான்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் சிரித்தார்கள். இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி கர்ட் இன்று காலையில்தான் அவளிடம் சொல்லியிருந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம். டக்கின் வண்டியில் தூண்டிலும் ஐஸில் ஓட்டை போடும் கருவியும் தயாராக இருந்தன. சனிக்கிழமை முழுக்க உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதாகத் திட்டம். அந்த நினைப்பே அவனுக்கு மறந்துபோயிருந்தது. டிவிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"இந்தப் பட்டியலை யாரெல்லாம் திறந்து பாக்கலாம்?" என்று கேட்டார் கர்ட்.

"நம்ம ஆபீஸ்ல எல்லாரும். கவுன்ட்டி ஆபீஸ்ல எல்லாரும். பிரின்டர் ரிப்பேருக்கு வர்றவருக்குக்கூட நாமதான் பாஸ்வேர்டு குடுத்து வச்சிருக்கோம்."

"பிரின்டர்காரனா?" டக்கின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"மூடியை எடுத்துக் காட்டட்டுமா?" நோரீன் எழுந்தாள்.

வேண்டாம் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டக் ஓடிப்போய் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நோரீன், இப்பவே எல்லாத்தையும் அழி" என்றார் கர்ட்.

"அழிச்சிடறேன். திங்கக்கிழமை இதே இடத்துல ஊர்க்காரங்க நம்பர் வரும். அவங்களுக்கு மட்டும் மூடி வேண்டாமா?"

டக் கையை எடுக்கவும் முடியாமல், அப்படியே நிற்கவும் முடியாமல் தவித்தான். சிரித்தவர்கள் எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோர்னா மெதுவாகச் சொன்னாள். "என் மாமியாரும் விண்ணப்பிக்கறதா இருக்காங்க."

கர்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திங்கட்கிழமை திறக்கப்போவதில்லை, கவுன்ட்டியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பூட்டிவிட்டுத்தான் திறப்பு. இந்த வாரக் கடைசியில் எல்லாரும் ஆபீஸுக்கு வரவேண்டும்.

ஏரிக்குத் தன்னை எதிர்பார்க்கவேண்டாம் என்று நண்பனுக்குப் போன் செய்துகொண்டே டக் வெளியே போனான்.

"ஆனா நீ செஞ்சது பெரிய தப்பு" என்று கர்ட் நோரீனைப் பார்த்துச் சொன்னார். "கூட வேலை செய்யறவங்க நம்பரை எடுத்துப் போட்டிருக்கே. இந்த வேலை முடியட்டும், உன்னை இங்க வச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம்."

நோரீன் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அறை காலியானதும் கர்ட் கதவைச் சாத்தினார். பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். தன் நம்பரையாவது தானே அழித்துவிடலாம் என்று மூடியைப் பிய்த்தார்.

தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவருக்கு நேராகவும் இல்லை, டக்குக்கு நேராகவும் இல்லை. கடைசிப் பெயர் வரை வெறும் வெள்ளை.

மறந்துவைத்த காபிக் கோப்பையை எடுக்க நோரீன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

கர்ட் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "இங்க எங்க யாரோட நம்பருமே இல்லையே?"

நோரீன் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"பூட்டு இல்லாத இடத்துல உங்க நம்பரை நான் எப்படி வைப்பேன், கர்ட்?"