கூண்டின் மறுபக்கம்

தம்பியைப் புயல் கொண்டுபோன பிறகும் மாயவன் கட்டுமரத்தின் ஒரு முனையில்தான் நிற்பான். மறுமுனை தம்பிக்கு. அங்கே ஏறி நின்ற ஒருவனைத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிட்டான்.

1958இல் விழுப்புரம் கோர்ட்டில், மரக்கூண்டிலும் அவன் ஓரமாகவே நின்றான். புயலில் சித்தம் கலங்கியவன், தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றார் வக்கீல்.

“நடிக்காதே. நடுவுல நில்லு,” என்றார் நீதிபதி.

“நவுந்தா சாஞ்சிடும்ங்க ஐயா. தம்பி அந்தாண்ட நின்னுக்கினு இருக்கான்,” என்றான் மாயவன்.

பத்து வருஷம் என்று தீர்ப்பானது. போலீஸார் அவனை இறக்கினார்கள். காலிக் கூண்டு, அலை தூக்கியது போல, மெல்ல மறுபக்கம் சாய்ந்தது.

நீதிபதி எழுந்து போய், மாயவன் நின்ற ஓரத்தில் ஏறி நின்றார். கூண்டு நேரானது. கோர்ட் கலைந்து விளக்கு வைக்கும் நேரமாகியும் அவர் இறங்கவில்லை.