வில்லனுக்கு ஒரு பேரம்

கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கூட்டாளியை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவர் என்று கோல்பிக் கிழவரைப் பற்றிப் பேப்பரில் போட்டிருந்தார்கள். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோல்பி என் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிற அமெரிக்கர். ஐம்பதுகளில் இங்கே ஜெர்மனியில், மான்ஹைமில், அமெரிக்கப் பட்டாளத்து கிளப்புகளில், ஹார்லன் என்பவரோடு ஜோடி சேர்ந்து ஆடிப் பாடிப் பகிடி விட்டவர். அந்த ஜோடியை வைத்து மக்டலீன் என்ற ஜெர்மன்காரி இப்போது ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள். மேடையில் பெயர்கள் வேறு. ஆனால் காலொடிந்த நண்பனை விட்டுவிட்டு வேறு ஆளோடு ஆடப் போன அந்தத் துரோகி யார் என்று பேப்பர்காரன் போட்டுக்கொடுத்துவிட்டான்.

அன்று காலை பேக்கரிக்காரி அவருடைய வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். மனிசன் அதைக் காணாதவர்போல, காலை இழுத்து இழுத்துக் கடைக்குள் வந்து, கறுத்த வாழைப்பழத்துக்கு வழக்கம்போல விலை குறைக்கச் சொன்னார். யூரோ வந்த பிறகும் பழைய மார்க் காசுக் கணக்கில்தான் பேசுவார். மற்றவர்கள் போட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தத் தெருவில் என்னோடு பேரம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர். அவரைப் பற்றியா இப்படி?

"விடு துரை, நாடகம்தானே" என்றார்.

நானா விடுவேன்? ரெஸ்டாரண்ட் ரெஸ்டாரண்டாக ஏறி, மேசை மேசையாக ரோசாப்பூ விற்று முன்னுக்கு வந்தவன் நான். கடையைப் பூட்டிவிட்டு நேரே தியேட்டருக்குப் போனேன்.

மறுநாள் முதல் காட்சி. மக்டலீன் ஒத்திகையில் நின்றாள். வருகிற விருந்தினருக்கு றோல்சும் வடையும் என் கடையில்தான் சொல்லியிருந்தாள். நான் அந்த இடத்தில் பிடித்தேன்.

"உயிரோட இருக்கிற மனிசனை இப்பிடி நாறடிக்கிறியள். மாத்தாட்டி நாளைக்கு றோல்ஸ் வராது."

கதையைச் சொன்னதே கோல்பிதான் என்றாள். வயதானவர் எதையோ மாறிச் சொல்லியிருப்பார், எழுதுகிற உங்களுக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்டேன். நடிகர்கள் எல்லாரும் ஆடுவதை நிறுத்திவிட்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேரம் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனதாகப் போடச் சொன்னேன். ஒரு தடவையும் ஏலாது என்றாள். வடைக்குக் காசு வேண்டாம் என்றேன். யோசித்தாள். கடைசியில், சரி, ஒரே ஒரு தடவை வந்து கட்டிலடியில் நின்று பார்த்துவிட்டுப் போவான் என்றாள்.

"கையில பூ?"

"பூ கிடையாது. பூவும் கொண்டு போனால் பிறகு அவன் என்ன வில்லன்?"

போகட்டும் என்று பூவை விட்டுக்கொடுத்தேன். வில்லனில் கால்வாசி குறைத்த பெருமையோடு மாடியேறிப் போய்க் கோல்பியின் கதவைத் தட்டினேன்.

சொல்லி முடிக்கவில்லை, மனிசனுடைய முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் கண்டிராத கோபம்.

"பொய். ஒருத்தரும் வரேல்லை. கிழமைக் கணக்கா நான் அந்தக் கதவையே பாத்துக்கொண்டு கிடந்தனான்."

சொன்ன பிறகுதான் வாயை மூடினார். அவர் இழுத்து இழுத்து நடக்கிற அந்தக் காலை அப்போதுதான் நான் பார்த்தேன். வயதுக் கோளாறு என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"அப்ப, விட்டிட்டுப் போனது ஹார்லனோ? பிறகேன் கதையை மாத்திச் சொன்னனீங்கள்?"

"நாளைக்கு அவன்ர மகள் அமெரிக்காவில இருந்து வாறாள். முன்வரிசையில இருந்து பாக்கப் போறாள். விட்டிட்டுப் போனவன் நான் எண்டு சொல்லித்தான் தகப்பன் அவளை வளத்திருக்கிறான். அவனும் செத்திட்டான். இனி அவளிட்டை இருந்து தகப்பனைப் பறிச்சு நான் என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. இந்த முறை செத்துப்போன ஹார்லன் மேல். அவனைத் தமிழில் நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். பிறகு, விடிந்ததும் போய், புதிதாகச் சேர்த்த அந்த ஆஸ்பத்திரிச் சீனை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

கோல்பி கட்டிலில் இருந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், இருக்கட்டும். மேடையிலயாவது ஆரோ ஒருத்தன் வந்து பாத்திட்டுப் போகட்டும்."

நான் கதவடிக்கு வந்த பிறகு கூப்பிட்டார்.

"அந்தப் பூவுக்கு இன்னொருக்காப் பேசிப் பார், துரை."