ஊசி குத்திய படம்

கத்தரிக்கோல் தேடப் போன சங்கரிக்கு, ஓரகத்தி தையல்நாயகியின் அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தடித்த நோட்டு கிடைத்தது.

பிரித்தாள். 

முதல் பக்கத்திலேயே சங்கரியின் மகன் குமரகுருவின் பிறந்தநாள் போட்டோ. முகத்தைச் சுற்றி நெருக்க நெருக்கமாக ஊசியால் குத்தியிருந்தது. கண், மூக்கு, உதடு ஒன்றையும் விடவில்லை. பக்கத்தில் ஒரு கொத்து முடியைப் பட்டு நூலால் கட்டி ஒட்டியிருந்தது. போன மாதம் பையனுக்கு முடி வெட்டிவிட்டவள் தையல்நாயகிதான்.

அடுத்த பக்கத்தில் ஒரு நீள நூல், அதில் ஆறு முடிச்சு. பையனுக்கு வயது ஆறு.

அதற்கடுத்து, சங்கரியின் கல்யாணப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியின் ஓரம், ஜரிகையோடு. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சித்திரை மாதமே வீட்டை இரண்டாக்கியிருந்தாள். "எலியா இருக்கும்க்கா" என்று சொன்னவளும் இதே தையல்நாயகிதான்.

புருஷன் வேணுகோபாலின் படத்திலும் ஊசிக் குத்து. அதன் கீழே, மரம் தேய்க்கிற உப்புத்தாளில் ஒரு துண்டு. செய்வினையில் உப்புத்தாளுக்கு என்ன வேலை என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

வீட்டில் எல்லோரும் அந்த நோட்டில் இருந்தார்கள். தையல்நாயகி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. செய்வினை வைக்கிறவள் தன் படத்தையா வைப்பாள்?

சங்கரி நோட்டைப் படக்கென்று மூடினாள். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்த பயத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலமானால் வாசற்படி தெரியாது. புருஷனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வெளியூர் போய்க் காட்டினாள். "நரம்பு வாடுதும்மா. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. மருந்து இல்லை" என்றார் டாக்டர். ஏன் வந்தது என்று கேட்டதற்குக் கையை விரித்தார். எதிர்வீட்டு மணியம்மாளிடம் தலைவலி என்று மட்டும் சொன்னாள். "உன் வூட்லயே யாரோ வேலை பண்ணியிருக்காங்கம்மா" என்று அவள் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

கண் தெரியாதவளைத் தறி நெய்கிற வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை இங்கேயே இருப்பான், பிள்ளையில்லாத தையல்நாயகியிடம். இப்போதே சித்தி, சித்தி என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் திரிகிறான். எல்லாம் பொருந்தி வந்தது.

அடுப்படிக்கு ஓடினாள். நோட்டின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றப் போன நேரம், தண்ணீர்க் குடத்தோடு தையல்நாயகி உள்ளே வந்தாள்.

"அக்கா, இன்னா பண்றே? அத்த குடு."

"கிட்ட வராதே. எம் புள்ளைய எடுத்துக்கத்தானே எங் கண்ண அவிச்சே?"

தையல்நாயகி குடத்தை இறக்கி வைத்தாள்.   

"டாக்டரு சொல்லிட்டாரா?" என்றாள் மெதுவாக.

"நான் டாக்டராண்ட போனது உனக்கு எப்டித் தெரியும்?"

"போயிருப்பேன்னு நெனச்சேன். உங் கண்ணு மங்கறது தெரியும். தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூல ஒண்ணொண்ணா பிணைக்கச்சொல்ல, நாம ரெண்டு பேரும் எதிரும் புதிருமாத்தானே உக்கார்றோம். தை மாசத்துலருந்தே நீ இழையப் பாத்து முறுக்கறதில்ல. விரலால தடவித் தடவித்தான் முறுக்கறே. விட்டுப்போன இழைய எல்லாம், நீ சோறாக்கப் போனதும் நான் பிணைச்சி வெச்சிடுவேன். உன் வூட்டுக்காரரு, பெரியவருக்குக்கூடத் தெரியாது."

சங்கரி நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 

"அப்ப இது இன்னா? எம் புள்ள மூஞ்சி பூரா ஊசியால குத்தி வெச்சிருக்கே."

"பின்பக்கத்துலருந்து குத்தினதுக்கா. அப்பதான் முன்னால மேடு வரும். கண்ணு தெரியாத பசங்க படிக்கிற புஸ்தகம் அப்டித்தான் இருக்குதாம், ஒரு டீச்சரம்மா சொன்னாங்க. கண்ண மூடிக்கினு தடவிப் பாரேன்."

சங்கரி கண்ணை மூடினாள். நம்பி மூடவில்லை.

விரல் போட்டோவின்மேல் ஊர்ந்தது. நெற்றி. சப்பை மூக்கு. தாடையில், தறிக்குழியில் விழுந்து வாங்கிய தழும்பு. ஆறு மாதமாக இருட்டில் இழை தேடிப் பழகிய விரல், மகனை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது.

"இந்த நூலு?"

"அவன் உசரம். பொறந்த நாளைக்கு கதவு நெலையில கோடு போடுவோமே, அந்தக் கோட்டுக்கெல்லாம் ஒரு முடிச்சி."

"உப்புத்தாளு?"

"அது பெரியவரு தாடை. சவரம் பண்ணாத அன்னிக்கி."

சிரிப்பும் அழுகையும் சங்கரிக்கு ஒன்றாகவே வந்தன. மண்ணெண்ணெய்ப் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். கண்ணைத் திறக்காமலே, மகனின் முடி, கல்யாண ஜரிகை என்று ஒவ்வொரு பக்கமாகத் தடவிக்கொண்டு கடைசிவரை போனாள். திரும்பவும் முதலிலிருந்து தடவினாள்.

"எல்லாரையும் ஒட்டினியே, இதுல நீ எங்கடி?"

தையல்நாயகி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குக்கா அதுல? நான்தான் உன் பக்கத்துலயே இருக்கப் போறேனே."